ஒரு கால், மூன்று எண்கள்

"எத்தனாம் நம்பர் சார்?"

செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் நம்மைக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாமும் யோசிக்காமல் ஏழு, எட்டு என்று சொல்லிவிடுகிறோம். என்ன எட்டு? எட்டு அங்குலமா, எட்டு விரலா, எட்டு சென்டிமீட்டரா? யாரும் கேட்பதில்லை. தாலுகா ஆபீசில் ஏக்கரை ஹெக்டேராகவும் சென்ட்டை ஏராகவும் மாற்றி எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அளவு என்று காதில் விழுந்தால் அது எதன் அளவு, யார் வைத்த அளவு என்று தோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்படித் தோண்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் இருக்கிறார். மண்ணையும் விண்ணையும் தன் அடியால் அளந்தவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளக்கும் கோலுக்கே உலகளந்த கோல் என்று பெயர் வருகிறது. ஒன்றை அளக்க அடியை வைத்தோம். ஆனால் அந்த அடியை, அதாவது நம் காலை, சரியாக அளந்து வைத்துக்கொண்டோமா? அது மிகச் சமீபத்தில்தான் நடந்தது. அதுவரை நாம் போட்டது எல்லாம் அடுத்தவர் கணக்கு.

முதலில் இந்த எட்டு. இது இங்கிலீஷ்காரன் கணக்கு. அவர்கள் ஊரில் மூன்று பார்லி அரிசியை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். ஒரு பார்லி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, செருப்பில் ஒரு நம்பர். சிரிக்க வேண்டாம். நம் பழைய வாய்பாட்டிலும் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்றுதான் இருந்தது. நமக்கு நெல், அவர்களுக்கு பார்லி. வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் தானியக் கணக்கைச் செருப்புப் பெட்டிமேல் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

கணக்கு இப்படிப் போகும். குழந்தைகளின் அளவு நான்கு அங்குலத்தில் ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு பார்லியாகக் கூட்டி 13 வரை போவார்கள். அதற்கு மேல் பெரியவர் கணக்கு மறுபடியும் 1 என்று தொடங்கும். கூட்டிப் பார்த்தால் பெரியவரின் 8 என்பது சரியாகப் பதினோரு அங்குலம்.

இரண்டாவது எண் பிரெஞ்சுக்காரருடையது. நான் பாண்டிச்சேரியில் தாத்தா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆட்சி போனாலும் பாடமும் பழக்கமும் உடனே போய்விடவில்லை. அங்கே செருப்பு அளவுக்கு 'புவாந்த்யூர்' என்று பெயர். என் தாத்தா தன் காலை நாற்பத்திரண்டு என்பார். உத்திரமேரூரில் அப்பாவின் கால் எட்டு. சின்ன வயதில் தாத்தாவின் கால் அப்பாவின் காலைவிட ஐந்து மடங்கு பெரியது என்று நான் நினைத்ததில் தப்பே இல்லை. எண்கள் அப்படித்தான் சொன்னன.

புரட்சிக்கு முன் பிரான்சில் 'ராஜாவின் அடி' என்று ஒரு அளவு இருந்தது. 32.48 சென்டிமீட்டர். இங்கிலீஷ் அடி 30.48. ஒரே 'அடி', இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். 1795-ல் மீட்டர் கணக்கு வந்ததும் பழைய அடியைத் தள்ளிவிட்டார்கள். பிறகு வந்த செருப்புத் தொழிலாளர் கணக்கில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு 'பாரிஸ் புள்ளி' ஆனது. 42 புள்ளி என்றால் 28 சென்டிமீட்டர். பதினோரு அங்குலத்தைப் பெருக்கிப் பாருங்கள், 27.94 வரும். ஆக தாத்தாவின் 42-ம் அப்பாவின் 8-ம் ஒன்றே.

இதுவரை கணக்கு. இனி விஷயம்.

அந்தப் பதினோரு அங்குலம் உங்கள் கால் அல்ல. என் கால் நீளம் இருபத்தாறரை சென்டிமீட்டர்தான். அப்படியானால் 28 எது? செருப்பு தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் அச்சின் நீளம் அது. முன்பு மரக்கட்டையில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் 'லாஸ்ட்' என்பார்கள். விரலுக்கு முன்னே இடம் வேண்டும் என்பதால் அது காலைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். கூடுதல் எவ்வளவு என்பது செய்கிறவர் இஷ்டம். அதனால்தான் ஒரு கம்பெனியின் எட்டு நமக்குப் பொருந்துகிறது, இன்னொன்றின் எட்டு கடிக்கிறது. நம்பர் சொல்வது கட்டையின் அளவை. காலின் அளவை அல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த இரண்டு எண்ணுமே நீளத்தை மட்டும் சொல்கின்றன. அகலம் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவில் சிராக்யூஸ் என்ற ஊரில் செருப்புக் கடைக்காரரின் மகன் சார்லஸ் பிரானக் 1920-களில் ஓர் உலோக அளவுப் பலகை செய்தார். நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம் என மூன்றையும் ஒரே தடவையில் அது காட்டும். அந்த ஊர்க் கடைகளில் ஒரே நீளத்தில் பல அகலங்கள் வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் அகலம் கேட்டால், "ஒரு நம்பர் பெரிசா எடுத்துக்குங்க, சரியாயிடும்" என்றுதான் பதில் வரும். அகலத்துக்கு வேண்டி நீளத்தை வாங்குகிறோம். குதிகால் பின்னால் ஆடும், விரல் முன்னால் ஓடும். சாதாரணச் செருப்பில் இதைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாத ஓர் இடம் உண்டு. அது பனிமலை.

1968-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ழான் குளோத் கில்லி என்ற பிரெஞ்சு வீரர் பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வாங்கினார். பாண்டிச்சேரி நூலகத்தில் பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்து வாயைப் பிளந்த பையன்களில் நானும் ஒருவன். பனியை சினிமாவில்கூட நாங்கள் சரியாகப் பார்த்தது கிடையாது. பல வருஷம் கழித்து எங்கள் அக்காள் குடும்பம் அதே கிரெனோபிளில் போய்க் குடியேறியது. அங்கே பள்ளிக்கூடங்களில் 'க்ளாஸ் த நேஜ்' என்று ஒன்று உண்டு. பனி வகுப்பு. பிள்ளைகளை வகுப்போடு மலைக்கு அழைத்துப் போய்க் காலையில் பாடம், மதியம் சறுக்கல். அக்காள் பேத்திக்கும் அந்த முறை வந்தது.

பனிச்சறுக்குப் பூட்ஸ் நாம் நினைக்கிற பூட்ஸ் மாதிரி இல்லை. பழைய காலத்தில் தோலில் செய்தார்கள். தோல் போடப் போடக் காலுக்குத் தகுந்தாற்போல் இளகிக் கொடுக்கும். 1960-களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் கெட்டி பிளாஸ்டிக்கில் பூட்ஸ் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு உலகமே பிளாஸ்டிக்குக்கு மாறியது. வெளியே கெட்டி ஓடு, உள்ளே மெத்தென்ற உறை. சறுக்குகிறவர் முழங்காலை மடக்கிக் கீழ்க்காலின் முன்னெலும்பைப் பூட்ஸின் நாக்கில் அழுத்துவார். அந்த அழுத்தம்தான் கீழே மாட்டியிருக்கும் நீண்ட பலகையைத் திருப்பும். உள்ளே கால் அரை சென்டிமீட்டர் ஆடினாலும் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. இறுக்கினாலோ ரத்த ஓட்டம் குறைந்து, அந்தக் குளிரில் விரல் மரத்துப்போகும். பிளாஸ்டிக் தோலைப்போல் இளகாது. கொஞ்சம் பெரிது, கொஞ்சம் சின்னது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அங்கே கைகொடுப்பது மூன்றாவது எண். 'மோண்டோபாயிண்ட்' என்று பெயர். பார்லியும் இல்லை, பாரிஸ் புள்ளியும் இல்லை. உங்கள் காலின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், அகலம் எத்தனை மில்லிமீட்டர், அவ்வளவுதான். கட்டையின் அளவு அல்ல, காலின் அளவு. 1991-ல் உலகத் தர நிர்ணய அமைப்பு 9407 என்ற எண்ணில் இதற்கு ஒரு விதி வெளியிட்டது. பனிச்சறுக்குப் பூட்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் விற்கிறது. பல நாட்டு ராணுவங்களும் இதைத்தான் வைத்திருக்கின்றன. என் கால் இங்கிலீஷில் 8, பிரெஞ்சில் 42, பனிமலையில் 26.5. மூன்றில் எதில் பொய் இல்லை என்று கேட்டால் கடைசியில்தான்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் கால் நீளம் 23.5. ஆனால் முன்பக்கம் நல்ல அகலம். எங்கள் குடும்பத்துக் கால். வாடகைக்குப் பூட்ஸ் கொடுத்த கடையில் 23.5-ல் விரல் நசுங்குகிறது என்றதும் 25.5 கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் ஊர்ப் பதில்தான், பிரெஞ்சில். முதல் நாளே குதிகால் மேலே தூக்கித் தூக்கித் தோல் உரிந்துவிட்டது. பலகை ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். "எனக்குச் சறுக்க வராது மாமி" என்று அழுதுகொண்டே வகுப்புத் தோழியின் அம்மாவிடம் சொன்னாளாம்.

அந்த அம்மாள் அவளை வேறொரு கடைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் வயதானவர். முதலில் இரண்டு காலையும் நிற்க வைத்து அளந்தார். பிறகு உள்உறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை வைக்கச் சொன்னார். விரல் முன்னால் லேசாகத் தொட நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் பூட்ஸ் பெரிது. நீளத்தைத் தொடாமல், அதே 23.5-ல் முன்பக்கம் அகலமான அச்சில் செய்த ஜோடியை எடுத்தார். சுண்டுவிரல் பக்கம் மட்டும் இன்னும் உறுத்தியது. அந்த இடத்தைச் சூடாக்கி உள்ளிருந்து தள்ளி மில்லிமீட்டர் கணக்கில் விரித்துக் கொடுத்தார். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தவளை ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போடச் சொன்னார். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அவள் சறுக்கினாள். அக்காள் போனில் இதைச் சொல்லும்போது, "குறை குழந்தையிடம் இல்லடா, நம்பரில்தான் இருந்தது" என்றாள்.

நம் கால்கள் ஏன் முன்பக்கம் அகலம்? பரம்பரை ஒரு காரணம். வெறுங்காலில் வளர்ந்தது இன்னொன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்தவர்களின் கால்களை அளந்து 2009-ல் எழுதினார்கள். முன்பாதம் அகலம், உடல் பாரம் பாதம் முழுக்கப் பரவலாக இறங்குகிறது என்று கண்டார்கள். அதற்கு முன்பே 1992-ல் நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டிருந்தார்கள். செருப்பு, ஷூ போட்டுப் பழகிய பிள்ளைகளில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம்; வெறுங்காலில் திரிந்த பிள்ளைகளில் 2.8 சதவீதம். விரல் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். அப்போது வெறுங்கால் வறுமையின் அடையாளம் மட்டும் அல்ல என்று தெரிகிறது.

ஆனால் வெறுங்காலைப் புகழ்ந்து எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நம் கிராமங்களில் பலர் வெறுங்காலில் நடந்தது விருப்பத்தால் அல்ல. ஊர்த் தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை என் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். செருப்புத் தைத்தவர்களே அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாத தெருக்கள் இருந்தன. யார் காலுக்குச் செருப்பு, யார் காலுக்கு இல்லை என்று முடிவு செய்தவர்கள் காலை அளந்து பார்த்து முடிவு செய்யவில்லை.

காலை உண்மையாக அளந்து பார்த்தவர்கள் நம் வட்டாரத்தில் வேறு ஒரு காரணத்துக்காக அதைச் செய்தார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருப்பது நமக்குத் தெரியும். கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், டாக்டர் காக்ரேன் அழைத்ததன்பேரில் திருமணிக்கு வந்து நோயாளிகளைப் பார்த்தார். அவர் வாழ்க்கையைத் திருப்பிய பயணம் அது. நோய் விரலைத் தின்கிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அப்படி இல்லை, உணர்ச்சி போய்விடுவதால் ஒரே இடத்தில் பாரம் விழுவது தெரியாமல் நடந்து நடந்து புண்ணாகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் நிறுவினார்கள். நமக்குச் செருப்பு கடித்தால் வலிக்கும், கழற்றிவிடுவோம். அவர்களுக்கு வலி இல்லை. ஆகவே செருப்பு சரியாக இருந்தே தீர வேண்டும். வேலூர் பக்கத்தில் கரிகிரியில் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரை நோய்க்காரர்கள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். பனிமலையில் சறுக்குகிறவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஓர் ஒற்றுமை இருப்பது இப்போது புரியும். இருவருக்குமே தோராய அளவு உதவாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் உலகத்துக்கே ஷூ செய்து கொடுப்பது நம் பாலாற்றங்கரைதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுவது பழைய தொழில். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி சொன்னதன்பேரில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுத் தோலாகவும் ஷூவாகவும் செய்து அனுப்புங்கள் என்றது. அன்றிலிருந்து ஆம்பூரில் 42-ம் 43-ம் பாரிஸ் புள்ளியில், ஐரோப்பியக் கால் அச்சில், நம் பெண்கள் கையால் தைக்கப்பட்டுக் கப்பல் ஏறுகின்றன. இந்தப் பக்கம் செய்யாறு சிப்காட்டில் ஷூ ஆலைக்கு விடியற்காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஊருக்கெல்லாம் அளந்து தைத்தவர்களின் காலை அளக்க ஆளில்லாமல் இருந்தது.

அதைச் செய்தது சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் தொடங்கப்பட்டது, டாக்டர் நாயுடம்மா தலைமையில் பெயர் பெற்றது. அவர்கள் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். வடகிழக்கு மாநிலத்தாருக்கு ஒன்று, தெற்கத்தியருக்கு ஒன்று என்று மண்டலத்துக்கு ஓர் அளவு முறை தேவைப்படுமோ என்ற எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். அளந்து பார்த்ததில் எல்லோருக்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது. பெண்ணின் பாதம் 11 வயதிலும் ஆணின் பாதம் 15, 16 வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தைத் தொடுகிறது. முக்கியமான முடிவு: இந்தியப் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது. குறுகலான ஷூவில் அகலம் தேடி நீளம் வாங்குவது கிரெனோபிளில் ஒரு குழந்தைக்கு நேர்ந்தது மட்டும் இல்லை. நாடே அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த அளவுகளைக் கொண்டு 'பா' என்று ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள். பாரதத்தின் முதல் எழுத்து. கைக்குழந்தையிலிருந்து பெரியவர் வரை எட்டு வகை.  2024-ல் செய்தித்தாள்களில் இது பெரிதாக வந்தது. தூசி தட்டிப் படிக்கிற பழைய கோப்பு அல்ல, நம் பேரப்பிள்ளைகள் காலில் வரவேண்டிய கணக்கு. இன்றும் நம் பஜாரில் எட்டு, ஒன்பது என்றுதான் விற்கிறார்கள். அளவு மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் காலை நாமே அளந்து வைத்துக்கொள்ளலாம். செலவு ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும்.

சாயங்காலம் அளக்க வேண்டும், காலையில் அல்ல. நாள் முழுக்க நடந்து கால் சற்று உப்பியிருக்கும். குதிகாலைச் சுவரில் ஒட்டித் தாளின்மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும். இன்னொருவர் குனிந்து பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட வேண்டும். நம் வயதில் நாமே குனிந்தால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து அளவு தப்பிவிடும். சுவரிலிருந்து மிக நீளமான விரல் வரை நீளம்; சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவே அகலம். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோருக்கு ஒன்று சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் செருப்பு வாங்க வேண்டும். இளம் வயதில் அளந்த அளவை நம்ப வேண்டாம். வயதாக ஆகப் பாதத்தின் வளைவு தளர்ந்து கால் நீண்டு அகலமாகும். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்வது நல்லது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புதுச் செருப்பின் உள்ளே தாளைக் கத்தரித்து வைத்துப் பாருங்கள். விளிம்பு மடங்கினால், நம்பர் என்னவாக இருந்தாலும், அது உங்கள் செருப்பு அல்ல. நான் போன தீபாவளிக்கு அப்படித்தான் வாங்கினேன். பெட்டியில் ஒன்பது என்று போட்டிருந்தது. என் பெட்டியில் எழுதி வைத்திருப்பது 265, 104.